மாடி அறைக்கு வந்த ஒரே ஆள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உடம்பைப் பொறுத்தவரை நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். நீ அந்தக் குளிர் நாட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, கதகதப்பாகப் போர்த்திக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் பதில் வந்து சொல்ல வேண்டும். போன் இருக்கும்போது இவள் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று உனக்குத் திக்கென்று இருக்கும், பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார், மெசேஜ் அனுப்பலாம் என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே போன், நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவர் படித்து முடித்து எனக்கு விளக்கமும் சொல்லிவிடுவார். அதனால்தான் கிளினிக்கில் மதியம் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து, நான் டோக்கன் கொடுக்கிற மேஜையிலேயே வைத்து இதை எழுதுகிறேன், உள்ளே டாக்டரம்மா யாருக்கோ பல் அடைத்துக்கொண்டிருக்கிறார், அந்த மெஷின் சத்தத்தில் கையெழுத்து கோணலாகத்தான் வரும். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பதறிக்கொண்டு படிக்க வேண்டாம். நம் ஊர்க் கடலில் கரண்டு எடுக்க நட்டிருக்கிற காத்தாடிகளுக்கே உன்னை மாற்றுகிறோம், மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்று உன் கம்பெனி கேட்டிருப்பதாகச் சொன்னாயே, அதற்குச் சரி என்று சொல்லாதே. வேண்டாம் என்று சொல்லிவிடு. பெற்றவள் இப்படி எழுதுவாளா என்று நினைப்பாய், எனக்கே அப்படித்தான் இருக்கிறது. முழுக்கப் படி, படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

நீ அந்தச் செய்தியைச் சொன்ன நாளிலிருந்து உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பட்டறைக்குப் போகிற வழியில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் நிறுத்தி, என் கட்டெறும்பு வருதுப்பா, கடல்ல காத்தாடி ஏறுற வேலை, நம்ம மாடியில நின்னா தெரியுற தூரம்தான் என்று சொல்லிக்கொண்டே போகிறார், வெல்டிங் வைக்க வந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டு இவர் கதையைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். காலையில் படகில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். நீ அப்படிச் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. மாடி அறைக்குப் புது வண்ணம் அடித்தாகிவிட்டது, உனக்குப் பச்சை பிடிக்கும் என்று ஒரு பச்சையைத் தேடிப் பிடித்திருக்கிறார், பார்த்தால் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிறது, நான் வாயைத் திறக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே உன் பூட்ஸைக் கவிழ்த்து வைக்க இரும்பில் ஒரு ஸ்டாண்ட், பக்கத்தில் ஈர உடுப்பைத் தொங்கவிட உயரமாக ஒரு கொக்கி, நீ இடுப்பிலும் தோளிலும் மாட்டிக்கொள்வாயே அந்தப் பட்டைகளுக்குத் தனியாக ஒரு வளையம், எல்லாம் பட்டறையில் மிஞ்சிய கம்பியில் அவரே ஒட்டிக் கொண்டுவந்தது. கண்ணுக்கு இப்போதெல்லாம் சொட்டு மருந்து இல்லாமல் முடிவதில்லை, ஆனாலும் அந்த ஸ்டாண்டில் ஒரு பிசிறு கிடையாது, உன் கையில் குத்திவிடக் கூடாது என்று தடவித் தடவிப் பார்த்து அரம் போட்டிருக்கிறார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் அதைப் பார்க்காமலே படியேறிவிடுகிறேன்.

அந்தப் பழைய கூட்டத்தைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், நீ அப்போது படிக்கப் போய்விட்டாய். நகராட்சி மண்டபத்தில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து திரையில் படம் போட்டுக் காட்டினாள், கடலில் ஒரு காத்தாடி, அதிலிருந்து அம்பு அம்பாக ஊருக்குள் வருகிறது, ஓர் அம்பு பட்டறைகளுக்கு, ஓர் அம்பு கடைகளுக்கு, ஓர் அம்பு வாடகை அறைகளுக்கு, படத்திலே ஊரே பளபளவென்று இருந்தது. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உன் அப்பா எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். எங்க கடல்ல எங்க காத்தை வச்சுச் சம்பாதிக்கப் போறீங்க, வேலை எங்களுக்குத்தான், வெளியாள் ஒருத்தன் காலும் இந்தக் கரையில படக் கூடாது என்று அவர் போட்ட போட்டில் மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. நானும்தான் தட்டினேன், என் புருஷன் இவ்வளவு பேசுவாரா என்று எனக்கே ஆச்சரியம், வீட்டில் ஒரு தண்ணீர்க் குழாய்க்காரனைக் கூடக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார். அன்றைக்கு வைத்த பெயர்தான் மைக், இன்றுவரை தெருவில் அவருக்கு அதுதான் பெயர். இதில் கூத்து என்னவென்றால், அப்படிக் கை தட்டிவிட்டு வெளியே வந்த அத்தனை பேரும் மறுவாரமே வெளியாட்களுக்கு அறை கட்ட ஆரம்பித்தோம். யாரும் அதைக் கோணலாகவே நினைக்கவில்லை. பேச்சு பேச்சுக்கு, வருகிறவன் எப்படியும் வருவான், வந்தால் தங்க இடம் வேண்டுமே என்று நினைத்தோம். நாம் மாடியில் கட்டினோம், பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா கார் நிறுத்துகிற இடத்தைச் சுவர் வைத்து அடைத்தார், மருந்துக்கடைக்காரர் கடைக்கு மேலேயே எழுப்பினார், வருகிறவர்களுக்குத் தரையில் குந்தத் தெரியாது என்று எவனோ சொன்னதைக் கேட்டு எல்லாரும் உட்காருகிற டாய்லெட்டாக வாங்கி வைத்தோம். காத்தாடியால் இந்த ஊரில் முன்னேறியவர் யார் என்று கேட்டால் ஹார்ட்வேர் கடைக்காரரைத்தான் கை காட்ட வேண்டும், கடைக்கு நீல விளக்கில் பெயர்ப்பலகையே வைத்துவிட்டார்.

நாங்கள் பேச்சுக்குச் சொன்னதைக் கம்பெனிக்காரர்கள் அப்படியே எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். வெளியிலிருந்து வரும் வேலையாட்கள் இந்த ஊர்க் கரையில் இறங்கவோ தங்கவோ கூடாது, ஊர் மக்களின் கோரிக்கைப்படி என்று காத்தாடிக்கான அனுமதியிலேயே ஒரு நிபந்தனை ஏறிவிட்டது. பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் கடலில் வெள்ளையாக ஒரு கப்பல் நிற்கிறது, அடுக்கடுக்காக ஜன்னல், அதிலேயே படுக்கை, அதிலேயே சமையல், துணி துவைக்க மெஷின், உடற்பயிற்சிக்குத் தனி அறை, சினிமா பார்க்க ஓர் அறை. உன் அப்பா மாடியில் நின்று அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, பெரிய கப்பல்தான் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். இன்றைக்கும் தெருவுக்குள் வந்தால் வீட்டுக்கு வீடு அறை வாடகைக்கு என்று பலகை தொங்கும், தையல்கார அக்கா சொல்கிறார், பேசாம நான் உங்க ரூம்ல வந்து இருக்கேன், நீங்க என் ரூம்ல வந்து இருங்க, போர்டையாவது கழட்டலாம் என்று. அவர் சிரிக்காமல் சொல்வதால் நமக்குத்தான் சிரிப்பு வருகிறது. மற்றபடி ஒன்றுமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். துறைமுகத்துக்குப் புது ரோடு போட்டார்கள், ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுத்தார்கள். கரண்டு வருகிற கேபிளை நம் தெருவைத் தோண்டித்தான் புதைத்தார்கள், நம் வாசலுக்கு அடியில்தான் போகிறது, எந்த ஊருக்குப் போகிறதோ அங்கே நன்றாக எரியட்டும், நமக்கு மதியத்தில் கரண்டு போவது போகிறபடியே போகிறது. பட்டறைக்கு வேலை வரும் என்று உன் அப்பா வெல்டிங்குக்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் எல்லாம் வாங்கி வைத்தார், தூண், ஏணி, மேடை எல்லாமே வேறெங்கோ ஒட்டி முடித்துப் பெரிய பெரிய மிதவைகளில் வந்து இறங்கின, இவருக்குக் கிடைத்தது கம்பெனி வேலியின் கேட்டில் ஒரு கீல் உடைந்த வேலை. உன் சித்தப்பாவுக்குத்தான் நிலையாக ஏதோ கிடைத்தது. காத்தாடிக் கப்பல்கள் தங்கள் கிரேனைத் தாங்களே கொண்டுவருவதால் துறைமுகக் கிரேனை நிறுத்திவிட்டார்கள், அத்தனை வருஷம் அதை ஓட்டியவர் இப்போது நீலச் சட்டை போட்டுக்கொண்டு படகுத்துறை கேட்டில் காவல் நிற்கிறார். வெளியாள் யாரும் கரைக்கு இறங்காமல் பார்த்துக்கொள்வது, அதுதான் அவர் வேலை. அவர் மாதிரி ஷிப்டுக்கு ஷிப்ட் நிறையப் பேர் நிற்கிறார்கள், இந்த ஊருக்கு உள்ளூர் வேலை என்று வந்ததில் பெரிய பங்கு அதுதான்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்தக் கப்பலில் எல்லாம் இருக்கிறது என்றேனே, பல் டாக்டர் இல்லை. போன வாரம் ஒரு பையனைப் படகில் கொண்டுவந்து நம் கிளினிக்கில் விட்டார்கள், பையன் என்றால் உன் வயதுதான் இருக்கும், கன்னம் ஒரு பக்கம் பலாக்கொட்டை வைத்த மாதிரி வீங்கியிருந்தது, கூடவே காவலுக்கு உன் சித்தப்பா. மேலிடத்தில் போனில் விசேஷ அனுமதி வாங்கித்தான் இறக்கினார்களாம். கடைசிப் பல் உள்ளே படுத்துக்கொண்டிருந்தது, டாக்டரம்மா ஒரு மணி நேரம் போராடித்தான் எடுத்தார், நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு பெரிய கப்பலுக்கு இந்த ஊரிலிருந்து தேவைப்பட்டது ஒரு குறடு மட்டும்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. எடுத்து முடிப்பதற்குள் கடல் கொந்தளிக்க ஆரம்பித்து, ராத்திரிக்குப் படகு வராது என்று சொல்லிவிட்டார்கள். பையன் ரத்தத்தோடு பஞ்சைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், எங்கே படுக்க வைப்பது என்று எல்லாரும் கையைப் பிசைகிறார்கள், எங்கள் மாடியில் அறை இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். மறுபடி போன், மறுபடி அனுமதி, கடைசியில் சித்தப்பா காவல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்கள். கட்டி இத்தனை நாளில் அந்த அறைக்கு வந்த ஒரே ஆள் அவன்தான்.

உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் வாயில் பஞ்சு, பேசக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார், இவருக்கு அதைவிட என்ன வேண்டும். கூட்டத்தில் தான் பேசியதை முதலிலிருந்து கடைசிவரை நடித்தே காட்டினார், அவன் பாவம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். எங்க பொண்ணும் உங்க காத்தாடிக்குத்தான் வரப் போறா தம்பி, பார்த்துக்கங்க என்று இவர் சொன்னதும் அவன் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினான், பார்த்தியா, எவ்ளோ சந்தோஷப்படுறான் என்று இவர் என்னிடம் சொன்னார். குழைய வேகவைத்த சோற்றைக் கரைத்துக் கொடுத்தேன், ஒரு பக்கமாக ஒதுக்கிக் குடித்தான். உன் சித்தப்பா மாடிப்படியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், உள்ளே வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டதற்கு, டியூட்டில இருக்கேன் அண்ணி, தட்டை இங்கயே குடுத்துடுங்க என்றார். சொந்த அண்ணன் வீட்டுப் படியில் காவல்காரராக உட்கார்ந்து சாப்பிட்டார். தட்டை வாங்கப் போனபோது நான் விளையாட்டாக, நாளைக்கு உங்கள் அண்ணன் மகள் வந்தாலும் இப்படித்தான் நாற்காலி போட்டுக் காவல் இருப்பீர்களா என்று கேட்டேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. அவ வந்தா இறக்கவே முடியாது அண்ணி, அவ வெளிநாட்டுல வேலைக்குச் சேர்ந்த ஆளு, அட்டையில வெளியாள்னுதான் போட்டிருக்கும், பல்லுவலி வந்தா ஒருவேளை இறக்கலாம் என்றார்.

மறுநாள் காலையில் உன் அப்பா பட்டறைக்குக் கிளம்பிப் போன பிறகு மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன், அவன் எழுந்து வந்தான். பஞ்சை எடுத்தாகிவிட்டது, நம் பாஷைதான் பேசினான். கடலையே பார்த்துக்கொண்டு நின்றவன், மேல் வரிசையில கடைசி ஜன்னல் என்னோடதும்மா, வெளியில இருந்து இப்பத்தான் பார்க்கிறேன் என்றான். வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறதாம், இந்த ஊரில் கால் வைத்தது நேற்றுத்தானாம். ராத்திரியில் அங்கிருந்து பார்த்தால் ஊர் ஒரு கோடு மாதிரி தெரியும், நடுவில் ஒரு நீல விளக்கு, அது போலீஸ் ஸ்டேஷன் என்று ஒருவன், ஆஸ்பத்திரி என்று ஒருவன், பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்களாம், அது ஹார்ட்வேர் கடை என்று சொன்னேன், வலியோடு வலியாகச் சிரித்தான். உனக்கு எந்த ஊர் என்று கேட்டேன். இங்கிருந்து பஸ்ஸில் அரை நாள், உள்ளே போக வேண்டும், அம்மா மட்டும் தனியாக இருக்கிறாராம். அப்படியானால் அம்மா வந்து பார்க்கலாமே, நீயாவது சொல்லி வரவழைக்கலாமே என்று அப்பாவியாகக் கேட்டுவிட்டேன். அவன் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டான். நான் இங்க இருக்கிறதே அம்மாவுக்குத் தெரியாது, வெளிநாட்டுல பழைய இடத்துலயே இருக்கேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன், இவ்ளோ பக்கத்துல இருக்கேன்னு தெரிஞ்சா கேட்டுக்கு வெளியில வந்து உட்கார்ந்துக்குவாங்க, எழுந்திரிக்க மாட்டாங்க என்றான். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான், அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை, நான்தான் பிழிந்த துணியையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தேன்.

பிறகு நானே உன்னைப் பற்றிச் சொன்னேன். தெரியும்மா, ஐயா நேத்து சொன்னாங்க, வேண்டாம்னுதான் கையை ஆட்டினேன், அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க என்றான். எல்லாவற்றையும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். இரண்டு வாரம் கப்பலில், அது முடிந்ததும் படகில் ஏற்றித் தூரத்தில் இருக்கிற பெரிய துறைமுகத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து நேராக விமானம், எந்த நாட்டில் வேலைக்குச் சேர்ந்தார்களோ அந்த நாட்டுக்கு. அடுத்த இரண்டு வாரம் அங்கே தரையில் இருந்தால்தான் அந்த நாட்டில் தங்குகிற அனுமதி நிற்குமாம், இங்கே வந்துவிட்டுப் போனால் அது அறுந்துவிடுமாம், அது அறுந்தால் வேலையும் அறுந்ததாம். அந்த இரண்டு வாரத்தையே லீவு என்று கணக்கு வைத்துவிடுவதால் வருஷத்துக்கு ஒரு மாதம் ஊருக்கு விடுவது கிடையாது, ஒப்பந்தம் முடிகிறவரை கிடையாது. நீ இப்போது வருஷம் தவறாமல் வந்து ஒரு மாதம் இருக்கிறாயே, முதல் வாரம் தூங்கியே கழிக்கிறாய், கடைசி வாரம் மூட்டை கட்டியே கழிக்கிறாய், நடுவில் இருக்கிற நாட்களில் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்கு இடைஞ்சல் கொடுக்கிறாய், நீ பக்கத்தில் வந்தால் எனக்கு அது போய்விடும். இப்ப வர்றாங்கல்ல, அதை விட்டுட வேண்டாம்னு சொல்லுங்கம்மா என்றான் அவன். இதையெல்லாம் உன் கம்பெனி உனக்குக் காகிதத்தில் கொடுத்திருக்கும், நீ ஊர்ப் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் மற்றதைப் படித்திருக்க மாட்டாய், உன் அப்பாவின் மகள்தானே நீ.

கடல் அடங்கியதும் படகு வந்துவிட்டது என்று சித்தப்பா கூப்பிட்டார். அவனை முன்னால் நடக்கவிட்டு இவர் பின்னால் போனார், நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் உள்ளே போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது, அவன் ஊர் வழியாகப் போகிற பஸ்தான், கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் அங்கே நின்றுவிட்டான். ஏறப் போகிறான் என்றே நினைத்தேன், ஏறித் தொலையேன் என்று இங்கிருந்து மனசுக்குள் சொன்னேன். உன் சித்தப்பா அவன் முழங்கையை மெதுவாகத் தொட்டார், அவன் உடனே நடந்துவிட்டான். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அன்றைக்குச் சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்து தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார், வரவர அவருக்கு முழங்கால் வலியும் அதிகம். அந்தப் பையன் வந்துபோனதில் நடந்த முன்னேற்றம் என்ன தெரியுமா, இனிமேல் பல்லைப் பரிசோதித்துச் சரிபார்த்த பிறகுதான் ஆளைக் கப்பலேற்றுவார்களாம், டாக்டரம்மாவுக்குக் கடிதம் வந்துவிட்டது. அந்த ஓர் அம்பும் முறிந்தது.

சும்மா இருக்க மனசு வரவில்லை, உன் அப்பாவிடம் சொல்லாமல் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அந்த நிபந்தனையை எடுக்க என்ன வழி என்று கேட்டேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர்தான், உட்கார வைத்துப் பேசினார். ஊர் கேட்டு வந்த நிபந்தனை, ஊரே கூடி வேண்டாம்னு சொல்லணும், கம்பெனியும் ஒத்துக்கணும், கப்பலை நீண்ட காலத்துக்கு வாடகைக்கு எடுத்துட்டாங்க, அவங்க ஏன் ஒத்துக்கப் போறாங்க என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கேட்ல நிக்கிறவங்களுக்கெல்லாம் அதனாலதான் வேலை, அதை எடுத்தா அவங்களை வீட்டுக்கு அனுப்பணும், யோசிச்சுக்குங்க என்றார். யோசிக்க என்ன இருக்கிறது. உன் அப்பா மறுபடி அதே மண்டபத்தில் அதே மைக்கைப் பிடித்துத் தான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும், சொல்லித் தன் தம்பியின் வேலையைப் பறிக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் வீட்டுச் சுவரில்தான் முட்டிக்கொள்கிறேன். அதனால் அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. அந்தப் பையன் சொன்னதைச் சொன்னால் இவர் பேசிய பேச்சைத்தான் இவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும், உன் மகளை நீதான் கரையில் இறங்கவிடாமல் செய்தாய் என்று யார் சொன்னாலும் தாங்குவார், நான் சொன்னால் தாங்க மாட்டார். நமக்கு விடிவு வரும் என்று நானும் கொஞ்ச காலம் நம்பினேன் கண்ணு, இப்போது நம்பவில்லை. அந்தக் காத்தாடிகள் ஒன்றும் கெட்டவை அல்ல, அழகாகத்தான் சுற்றுகின்றன, நீ கற்ற தொழிலையும் நான் குறை சொல்லவில்லை. எங்களுக்கு அதில் பங்கு இல்லை, அவ்வளவுதான். இருந்த ஒரே பங்கு நீ, அதையும் நாங்களே பேசிக் கெடுத்துக்கொண்டோம்.

அதனால் நான் சொல்கிறபடி செய். கம்பெனிக்கு வேண்டாம் என்று எழுதிவிடு. அப்பாவிடம் போனில், வேறு யாரையோ எடுத்துவிட்டார்கள் என்று சொல், அவர் கொஞ்ச நாள் கம்பெனியைத் திட்டுவார், பட்டறையில் சுத்தியலைப் போட்டு உடைப்பார், திட்டட்டும், சத்தம் போடுகிறவரை அவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நான் அழுகிற மாதிரி இருந்தால் நீயும் அழுதுவிடாதே, ஸ்பீக்கரில் எல்லாம் கேட்கும். ஏறும்போது முடியை இறுக்கிக் கட்டிக்கொள், கையுறை கிழிந்தால் தைத்துப் போடாமல் புதிது கேட்டு வாங்கு, காலையில் வெறும் வயிற்றோடு ஏறாதே, உன் கடைவாய்ப் பல்லை ஒருமுறை அங்கேயே காட்டிவிடு, அந்தப் பையன் பட்ட பாட்டைப் பார்த்ததிலிருந்து எனக்கு உன் பல் நினைவுதான். நீ ஏறுகிற இடமெல்லாம் பிடி உறுதியாக இருக்கட்டும், இறங்குகிற இடத்தில் உனக்கென்று யாராவது நிற்கட்டும், உடம்பும் மனசும் நோகாமல் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசிலும் கொஞ்சம் உனக்குச் சேரட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் வருவதற்குள் நீ சரி என்று சொல்லிவிட்டிருந்தாலோ, படித்த பிறகும் அந்த வேலைக்குப் போகத்தான் வேண்டும் என்று உனக்கு ஆகிவிட்டாலோ, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வந்துவிட்டேன் என்று எங்களிடம் சொல்லாதே. பழைய இடத்திலிருந்தே பேசுகிற மாதிரி பேசு. அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று நான் கேட்பேன், ரொம்பக் குளிர் அம்மா என்று சொல். நான் நம்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா